இது யாருக்கு?

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, இன்னும் விடியவில்லை. ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தையில் சித்தப்பா ஒரு வெள்ளாட்டுக் கிடாயின் முதுகை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். விலா முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில், முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டும். எலும்பு கூராகக் குத்தினால் அது பட்டினி ஆடு. எலும்பே தட்டுப்படாமல் மெத்தென்று இருந்தால் கொழுப்புக்குக் காசு கொடுக்கிறோம். அப்புறம் வாயைத் திறந்து பார்த்தார். "ரெண்டு பல்லு" என்றார். பால்பல் விழுந்து நிலைத்த முன்பல் இரண்டு முளைத்திருக்கிறது, ஒன்றேகால் ஒன்றரை வயது இருக்கும் என்று அர்த்தம். கறி முற்றியிருக்காது, குழம்பில் சாறும் இறங்கும்.

தராசு அவருக்குத் தேவைப்படவில்லை. இடுப்போடு சேர்த்து ஒரு தூக்கு தூக்கி இறக்கிவிட்டு, "இருபதுக்கு மேல, இருபத்திரண்டுக்குள்ள" என்றார். அரை மணி நேரப் பேரத்துக்குப் பிறகு கிடாய் எங்களோடு ஷேர் ஆட்டோவில் ஏறியது. பாதி வழியில் என் செருப்பு வாரைத் தின்றது.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையடிவாரம். அந்தக் காலத்து வட ஆற்காடு, இன்றைய வேலூர் மாவட்டம். பொங்கல், மாட்டுப் பொங்கல் இரண்டு நாளும் சைவம். மூன்றாம் நாள் காணும் பொங்கலைப் பஞ்சாங்கம் கரிநாள் என்கிறது, நல்ல காரியம் எதுவும் தொடங்கக் கூடாத நாள். எங்கள் ஊர் அதைக் கறிநாள் என்றே படித்துக்கொண்டது. அன்றைக்குப் பத்து வீடு சேர்ந்து ஒரு ஆடு. பத்து வீடு, பத்து கூறு.

பெங்களூரிலிருந்து வந்திருந்த அண்ணன் மகன் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம், "சித்தப்பா, எனக்கு போன்லெஸ் மட்டும் போதும். கடையில கேட்டா தனியா குடுக்கறாங்களே" என்றான். எண்பத்து நாலு வயது ஆயா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "ஏன்டா, ஆடு இன்னா எலும்பு இல்லாமயா சந்தையிலேருந்து வந்துச்சு?"

அவன் சிரித்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டான். எனக்குத்தான் அந்தக் கேள்வி அன்று முழுக்க மனதில் ஓடியது. ஒரு உயிரை எடுத்தால் அதில் எதையும் வீணாக்கக் கூடாது என்று நகரத்தில் இப்போது பலரும் பேசுகிறார்கள், அழகாக எழுதவும் செய்கிறார்கள். எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை, ஆனால் எதுவும் வீணாகவும் இல்லை. அது நல்ல மனதால் நடந்ததா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். கூறு போடும் முறை வேறு வழி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

முந்தின நாள் சாயங்காலத்தோடு கிடாய்க்குத் தழை நிறுத்தப்பட்டது, தண்ணீர் மட்டும்தான். வயிறு காலியாக இருந்தால் பிறகு குடல் கழுவுவது பாதி வேலையாகிவிடும். காலையில் சித்தப்பா கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி போனார். ஆடு கத்தியைப் பார்க்கக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. ஒரே இழுப்பு. ஆயா உப்பும் கொஞ்சம் தண்ணீரும் போட்ட அலுமினியக் குண்டானை நீட்டி ரத்தத்தைப் பிடித்துக்கொண்டாள். அது கால் மணி நேரத்தில் தயிர்போல உறைந்துவிடும்.

பின்னங்கால் இரண்டையும் கயிற்றில் மாட்டி வேப்பங்கிளையில் தொங்கவிட்டதும் தோல் உரிப்பு. கத்தி தொடக்கத்துக்கு மட்டும்தான். கணுக்காலைச் சுற்றி ஒரு கீறல், அங்கிருந்து தொடையின் உள்பக்கமாக ஒரு கோடு. மற்றதெல்லாம் கைமுட்டி. தோலுக்கும் சதைக்கும் நடுவில் முட்டியை நுழைத்துத் தள்ளிக்கொண்டே வந்தால் சட்டை கழற்றுவதுபோல இறங்கி வரும். ஆடு சூடாக இருக்கும்போதே செய்ய வேண்டும், ஆறிவிட்டால் ஒட்டிக்கொண்டு வம்பு செய்யும். மயிர் கறியில் படக் கூடாது. மயிரைத் தொட்ட கை கறியைத் தொடக் கூடாது. சித்தப்பா ஒரு கையைத் தோலுக்கு, ஒரு கையைக் கறிக்கு என்று வைத்திருந்தார். கவனித்துப் பார்த்தபோதுதான் எனக்கே அது தெரிந்தது.

வயிற்றைத் திறப்பதுதான் நிதானம் வேண்டிய இடம். முதலில் ஆசனவாயைச் சுற்றி அறுத்து மலக்குடல் நுனியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். உணவுக்குழாய்க்கும் ஒரு முடிச்சு. பிறகு அடிவயிற்றில் சின்னதாக ஒரு திறப்பு, அதற்குள் இரண்டு விரலை விட்டு வயிற்றுச் சதையைத் தூக்கிப் பிடித்து, கத்தியின் கூர்ப்பக்கம் வெளியே பார்க்க, விரல்களுக்கு நடுவில் மெல்ல இறக்கிக்கொண்டே வந்தார். குடலில் கத்தி பட்டால் கறியெல்லாம் நாறிப்போகும். ஈரலோடு ஒட்டியிருக்கும் பித்தப்பை உடைந்தால் ஈரல் போச்சு.

பித்தப்பை பாடத்தை நான் காசு கொடுத்துக் கற்றவன். காட்பாடியில் வீட்டுக்குப் பின்னால் ஆறு நாட்டுக்கோழி வளர்த்தேன். நகர எல்லைக்குள் ஆடு அறுப்பதென்றால் உரிமம் உள்ள அறுவைக்கூடத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டின் விதி இருக்கிறது. கோழியையாவது நாமே செய்வோமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ பார்த்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றியதில் இறகோடு தோலும் கிழிந்து வந்தது. கை பொறுக்காத சூடு போதும், கொதிக்கக் கூடாது என்று ஆயா பிறகு சொன்னாள். தோல் போனதால் மஞ்சள் பூசி நெருப்பில் வாட்டும் ருசியும் போயிற்று. கடைசியில் ஈரலை இழுத்த வேகத்தில் பச்சையாக ஏதோ விரலெல்லாம் வழிந்தது. அதைக் கழுவினால் சரியாகிவிடும் என்று நம்பிய குழம்பை நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். மகள் மட்டும், "வேப்பிலை போட்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

சரி, வேப்பமரத்தடிக்கு வருகிறேன். இருபத்தொரு கிலோ ஆட்டில் கொக்கியில் தொங்குவது ஒன்பதரை கிலோ, உயிரெடையில் பாதிகூட இல்லை. கடைக்காரர் விற்பது பெரும்பாலும் இந்த ஒன்பதரையைத்தான். தலை, கால், குடல், ஈரல், நுரையீரல், ரத்தம் எல்லாம் சேர்த்தால் இன்னும் நாலு கிலோ தேறும். கூறு முறையில் இந்த நாலு கிலோவுக்கும் பத்து வீடு பணம் கொடுத்திருக்கிறது. அதை யார் விடுவார்கள்?

குடலை எங்கள் பக்கம் போட்டி என்போம். அதைச் சுத்தம் செய்ததைப் பார்க்காமலே சாப்பிட்டு வளர்ந்தவர்கள் ஒரு தடவையாவது கிணற்றடியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரைப்பையைக் கிழித்து அரைபட்ட தழையைத் தென்னை மரத்தடியில் கொட்டிப் புதைப்பார்கள். பையைக் கொதிநீரில் முக்கி எடுத்து, சூட்டோடு கரண்டியால் சுரண்டினால் கருப்புப் படலம் உரிந்து வெள்ளையாகும். இலை இலையாக மடிந்த இன்னொரு பை உண்டு. அந்த மடிப்பு ஒவ்வொன்றையும் புத்தகம்போலப் புரட்டிக் கழுவ வேண்டும். சிறுகுடலை ஈர்க்குச்சி வைத்து உள்வெளியாகத் திருப்பி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து அலச வேண்டும். இரண்டு பெண்களுக்கு ஒன்றரை மணி நேர வேலை. ஆண்கள் அந்தப் பக்கம் போகவில்லை. கறி வெட்டுவதை வீரம்போலச் செய்துவிட்டு, புளியங்கட்டைக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். நானும்தான்.

தலையும் காலும் பனையோலை நெருப்பில் வாட்டப்பட்டன. மயிர் பொசுங்கும் நாற்றம் தெரு முழுக்கப் பரவியது, நாய்கள் வந்து வரிசையில் உட்கார்ந்தன. உறைந்த ரத்தத்தை ஆயா வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் தேங்காயும் போட்டுப் பொரித்து, கறி கூறாகும் முன்பே எல்லாருக்கும் ஒரு கை கொடுத்துவிட்டாள். ரத்தம் மட்டும் கூறில் சேராது. அது நின்றவர்களுக்கு, வேலை செய்தவர்களுக்கு.

பழைய நாளில் தலையும் தோலும் குடலும் யாருக்குப் போயின என்பதையும் சொல்ல வேண்டும். கோயில் கிடாயில் பறையடித்தவர், துணி வெளுத்தவர், ஏரிக்கு மடை திறந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு உறுப்பு. "எல்லாருக்கும் பங்கு இருந்தது" என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். இருந்தது, ஆனால் தொடை யாருக்கு, குடல் யாருக்கு என்பதைச் சாதி முடிவு செய்தது. எதையும் வீணாக்காத சமுதாயம் என்று நாம் மெச்சிக்கொள்வதில் பாதி, மற்றவர் ஒதுக்கியதைத் தின்று ருசியாக்கிக் காட்டியவர்களின் கைத்திறன். போட்டி வறுவலை இன்றைக்கு ஓட்டலில் விலை கொடுத்துச் சாப்பிடுகிறோம். ஆனாலும் எது கறி, எது கறியில்லை என்ற சண்டை ஓயவில்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்று சர்ச்சை வந்து, கடைசியில் விழாவே தள்ளிவைக்கப்பட்டது. அதே ஆம்பூரில் மாட்டுத் தோலில் செய்த ஷூவுக்கு யாரும் ஆட்சேபம் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

தோல் என்றதும் ஞாபகம் வருகிறது. கைமுட்டியால் உரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கத்திக் காயம் பட்ட தோலுக்கு மண்டியில் விலை குறைப்பார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றுப் பக்கமெங்கும் தோல் பதனிடும் ஊர்கள். முன்பு ஆவாரம்பட்டையில்தான் ஊறப்போட்டுப் பதப்படுத்தினார்கள். ஆவாரை எங்கள் வரப்பிலெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும், கடுக்காய் மலையிலிருந்து இறங்கும். உள்ளூர்த் தோல், உள்ளூர்ப் பட்டை. அப்புறம் குரோமியம் வந்தது, வேலை வேகமானது, கழிவு பாலாற்றில் இறங்கியது. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் ஆலை வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு இன்றைக்கும் நாடு முழுக்கச் சூழல் வழக்குகளில் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆட்டின் ஒரு உறுப்பைக்கூட வீணாக்காத ஊர், ஆற்றை வீணாக்கிவிட்டது. தாத்தா காலத்தில் தோலை விற்ற காசில் கூறு விலை குறையும். இந்த வருஷம் தோலுக்குக் கிடைத்த பணத்தில் உரித்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். வடைக்குப் போதவில்லை.

கறியைக் கட்டையில் போட்டு வெட்டும்போது பேச்சு வேட்டைக்குப் போனது. கறிநாளில் எப்போதும் போகும். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு முயல் வலை சுருட்டிக் கிடக்கிறது. தாத்தா சணலை முறுக்கித் தானே பின்னியது. கறிநாள் விடியலில் இருபது பேர் கிளம்பி, புதர்க்காட்டின் ஒரு ஓரமாக வலையைக் கட்டிவிட்டு எதிர்ப்பக்கமிருந்து தட்டிக்கொண்டு வருவார்களாம். முயல் மேட்டைப் பார்த்துத்தான் ஓடும். பின்னங்கால் நீளம், ஏறுவதில் கெட்டிக்காரி, இறங்குவதில் தடுமாறும். அதனால் வலை எப்போதும் மேட்டுப்பக்கம். பிடிபட்ட முயலைத் தோல் உரிக்க மாட்டார்கள், மயிரைப் பொசுக்கித் தோலோடு சமைப்பார்கள். காட்டு முயலில் கொழுப்பே கிடையாது, தோலையும் எடுத்துவிட்டால் கறி நார்நாராகிவிடும்.

பங்கு அங்கேயும் உண்டு. ஆளுக்கு ஒரு கூறு, வலைக்கு ஒரு கூறு, நாய்க்கு ஒரு கூறு. நாயின் கூறு நாய்க்காரர் வீட்டுக்குப் போகும், நாய்க்கு எலும்பு கிடைத்தால் அதிர்ஷ்டம். மூன்று முயலை இருபது வீட்டுக்குப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு எத்தனை துண்டு வரும்? ஆயா கணக்குச் சொன்னாள்: "ரெண்டு துண்டு கறி, ஒரு சட்டி கத்திரிக்கா." அந்தக் கத்திரிக்காய் இந்தப் பக்கத்து முள்ளுக் கத்திரி. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய, இலவம்பாடியின் அதே காய். முயல் வாசனை பட்ட கத்திரிக்காய்தான் அன்றைக்கு விருந்து.

1972-இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்த செய்தி எங்கள் ஊருக்கு வந்துசேரப் பல வருஷம் ஆயிற்று. பக்கத்து ஊரில் ஒருவர் பிடிபட்டு கோர்ட்டுக்கு அலைந்ததைப் பார்த்த பிறகு தாத்தா வலையைப் பரணில் ஏற்றினார். முயலும் கௌதாரியும் மானும் அதோடு முடிந்தது. உடும்பு, சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்ந்து இருக்கிறது. முதுகுவலிக்கு உடும்புக்கறி என்று இன்னும் ரகசியமாக விசாரிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சிறையில் தரையில் படுத்தால் முதுகுவலி கூடும். வட மாவட்டத்துப் பெருமாள் கோயில்கள் பலவற்றில் பொங்கலையொட்டிச் சாமி மட்டும் இன்னும் பார்வேட்டைக்குப் போய் வருகிறார். அவர் எதையும் பிடித்து வருவதில்லை.

தடை வந்தது எனக்கு வருத்தமில்லை. வேட்டையைப் பற்றிக் கேட்கச் சுகமாக இருப்பது, அது அரிதாகவும் பல பேர் கூடியும் நடந்ததால்தான். இன்றைக்கு டார்ச்சும் பைக்கும் வைத்துக்கொண்டு நாலு பேர் போனால் ஒரே ராத்திரியில் ஒரு புதர்க்காடு காலி. மல்லாக்கொட்டைக் காட்டைக் கிளறிப்போடும் காட்டுப்பன்றி விஷயம் வேறு. அதில் விவசாயியின் எரிச்சல் நியாயம். அதற்காகத் திருட்டுத்தனமாக மின்கம்பி கட்டுவது நியாயமில்லை, அதில் பன்றியோடு மனிதர்களும் சாகிறார்கள். 2025 ஜனவரியில் அரசு ஒரு முறை அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதைத் தாண்டினால் வனத்துறையே சுடலாம். எங்கள் கொல்லை முதல் கிலோமீட்டரில் இருக்கிறது. சித்தப்பா ராத்திரியில் தகரம் தட்டிக்கொண்டிருக்கிறார்.

சின்ன வேட்டைகள்தான் எனக்கு நேரில் தெரிந்தவை. நெல் அறுத்ததும் இருளர் குடும்பங்கள் வயலுக்கு வருவார்கள். வரப்பில் இருக்கும் எலி வளைகளில் ஒன்றைவிட்டு மற்றதையெல்லாம் சேற்றால் அடைத்துவிட்டு, துளை போட்ட பானையில் வைக்கோலைக் கொளுத்தி அந்த ஒரு வளைக்குள் புகையை வாயால் ஊதுவார்கள். பிறகு கடப்பாரையால் தோண்டுவார்கள். எலி ஓடி ஒளிந்த அறைக்குப் பக்கத்தில் இன்னொரு அறையில் நெற்கதிர் கத்தை கத்தையாக அடுக்கியிருக்கும், யாரோ கையால் அடுக்கியதுபோல. எலியும் அவர்களுக்கு, வளை நெல்லும் அவர்களுக்கு என்று பேச்சு. நாங்கள் தர்மம் செய்வதாக அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்த போகத்துக் கதிரைக் காப்பாற்றிக் கொடுத்த வேலைக்குக் கூலியாக எங்கள் நெல்லையே வளையிலிருந்து தோண்டி எடுத்துக்கொள்ளச் சொன்னோம் என்பதுதான் உண்மை.

ஈசலுக்குச் சட்டமும் இல்லை, வலையும் வேண்டாம். முதல் மழை பெய்து ஓய்ந்த ராத்திரி, திண்ணை விளக்குக்குக் கீழே அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் போதும். காலையில் வெயிலில் காயவைத்து முறத்தில் புடைத்தால் இறகு பறந்துவிடும். வறுத்த அரிசியும் பொட்டுக்கடலையும் சேர்த்து ஒரு கை. இரண்டாவது கைக்கு ஆயா விடமாட்டாள், வயிற்றைக் கலக்கும் என்பாள். ஒருமுறை மூன்றாவது கையும் சாப்பிட்டேன். அவள் சொன்னது சரி.

இதற்குள் பத்து வாழை இலைகளில் பத்து கூறு. சித்தப்பா கட்டி வைத்த ஒழுங்கு: ஒவ்வொன்றிலும் தொடை, நெஞ்செலும்பு, கழுத்து, விலா, ஒரு துண்டு ஈரல், ஒரு துண்டு நுரையீரல், ஒரு கைப்பிடி போட்டி, ஒரு கட்டி கொழுப்பு. தலையைப் பிளந்து பத்தாக்க முடியாது. அதனால் தலை ஒரு கூறில், நாலு கால் ஒரு கூறில், அந்தக் கூறுகளில் தொடைக்கறி அந்த அளவுக்குக் குறைவு. கண்ணால் பார்த்து, ஒரு துண்டை இதிலிருந்து எடுத்து அதில் போட்டு, கால் மணி நேரம் சமன் செய்துகொண்டேயிருந்தார். யாருக்கு எது போகும் என்று அவருக்கே தெரியாது. அதனால்தான் அத்தனை கவனம்.

நாலு வருஷமாக இந்தக் கூட்டு நடக்கவில்லை. ஊரில் கறிக்கடை வந்துவிட்டது, வேண்டியதை வேண்டிய அளவு வாங்கிக்கொள்ளலாம். தொடை வாங்கினவர் தலையைப் பற்றி யோசிக்க வேண்டாம். இந்த வருஷம் நான் பிடிவாதமாகப் பத்து வீட்டைச் சேர்த்தேன், அதிலும் இரண்டு வீடு கடைசி நேரத்தில்தான் சம்மதித்தது. எங்கள் வீட்டுக்கும் ஒரு கூறு. அதில் பாதி உப்புக்கண்டத்துக்கு என்று ஆயா முதலிலேயே சொல்லிவிட்டாள். விரல் நீளத்துக்குக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்துக் கொடியில் தொங்கவிட வேண்டும். தை வெயிலுக்குச் சூடு போதாது, ராத்திரி பனி வேறு, தினமும் சாயங்காலம் உள்ளே எடுத்து வைக்க வேண்டும் என்று முனகிக்கொண்டே ஊசியில் நூல் கோத்தாள். நாற்பது டிகிரி தாண்டும் வேலூர்ச் சித்திரை வெயிலில் மூன்றே நாளில் கல்லாகிவிடுமாம்.

என் மகளைக் கூறுகளுக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்தார்கள். சித்தப்பா கத்தி நுனியால் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்றார். அவள் ஒரு வீட்டுப் பெயரைச் சொன்னாள். அடுத்தது. "இது யாருக்கு?" பத்து தடவை. போன்லெஸ் கேட்ட அண்ணன் மகன் வீட்டுக்குத் தலை போனது. எல்லாரும் சிரித்தார்கள். அவன் இலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதை எப்படி ஆயா சமைக்கறது?" என்றான்.

பதினோராவதாக ஒரு சின்ன இலை தனியாக இருந்தது. அதில் சுவரொட்டி, அதாவது ஆட்டின் மண்ணீரல். ஆட்டுக்கு ஒன்றே ஒன்றுதான், உள்ளங்கை அகலம், கருஞ்சிவப்பு. தணலில் சுட்டு உப்புத் தொட்டுத் தின்றால் ரத்தம் ஊறும் என்பார்கள். அதை யாரும் கூறில் போடவில்லை, சித்தப்பா கத்தியால் தொடவும் இல்லை. மூன்றாவது வீட்டுப் பெண் பிரசவமாகிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த வீடு கூட்டில் சேரவில்லை, பணமும் கொடுக்கவில்லை. ஆயா இலையை மடித்து என் மகள் கையில் வைத்து, "ஆறிடப் போவுது, ஓடு" என்றாள்.